கடல் ஏறினால் நெட் போகும்: தீவுக்கு இணையம் கொண்டுபோன அனுபவங்கள்

ஸ்காட்லாந்திலிருந்து

தீவுக்கு இணையம் கொண்டுபோன கதை யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்தபோது, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் எக் தீவுக்கு ஆன்டெனா மாட்ட உதவியாளாகப் போனேன். ஏறக்குறைய நூறு பேர் வாழும் தீவு. 1997-ல் தீவுக்காரர்களே பணம் திரட்டி, தீவைத் தனியார் உடைமையிலிருந்து மீட்டுக்கொண்டார்கள். 2008-ல் தண்ணீர், காற்று, சூரியன் மூன்றையும் வைத்துச் சொந்தமாக மின்சாரமும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்கு 5 கிலோவாட்தான் அளவு. கெட்டிலையும் வாஷிங் மெஷினையும் சேர்த்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள்.

நூறு பேருக்காகக் கடலடியில் யார் கேபிள் போடுவார்கள்? ஸ்கை தீவில் இருக்கும் சபால் மோர் ஒஸ்டேக் கல்லூரியும் எடின்பரோ பல்கலைக்கழகமும் சேர்ந்து டெகோலா என்ற பெயரில் ஒரு சோதனை வலையமைப்பைக் கட்டியிருந்தார்கள். ஒரு கரையில் ஓர் ஆன்டெனாத் தட்டு, எதிர்க்கரையில் ஒரு தட்டு, நடுவில் கடல். மின்கம்பி எட்டாத குன்றுகளில் சூரியத் தகடும் குட்டிக் காற்றாலையும் வைத்து, சிக்னலை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்பும் ரிலே. பிறகு எக், ரம், மக், கன்னா தீவுகளுக்கு இதே வழியில் இணையம் கொடுக்க ஹெப்நெட் என்ற சமூக நிறுவனம் வந்தது.

நான் போன விடுதியில் ஒரே புகார்: நெட் விட்டுவிட்டுப் போகிறது. கேபிளைப் பார்த்தோம், கனெக்டரைப் பார்த்தோம், தட்டின் திசையைக்கூட இரண்டு முறை சரிபார்த்தோம். ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் விடுதிக்கார அம்மா சமையலறைக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். நெட் போன நேரத்தையெல்லாம் பென்சிலில் குறித்து வைத்திருந்தார். ஒரு நாளில் நாலு தடவை, மறுநாள் ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகத் தள்ளி. அவர் ஒன்றும் சொல்லாமல் கதவுக்குப் பின்னால் தொங்கிய ஓத அட்டவணையை, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைக் காட்டினார். படகு வைத்திருக்கிற வீடு அல்லவா.

விஷயம் இதுதான். சிக்னல் நேராக ஒரு வழியில் வருகிறது, கடல் மேல் பட்டுத் தெறித்து இன்னொரு வழியிலும் வருகிறது. இரண்டும் ஒத்து வந்தால் நல்லது, எதிரெதிராக வந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். எங்கள் சிக்னல் 5 கிகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் 6 சென்டிமீட்டர்தான். அங்கே ஓதம் நாலு மீட்டர் வரை ஏறி இறங்கும், அதோடு தெறித்து வரும் வழியின் நீளமும் மாறும். தண்ணீர் ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்கு வரும்போதெல்லாம், ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம், நெட் காலி. ஒரே கம்பத்தில் கீழே இன்னொரு தட்டை மாட்டினோம். ஒன்று படுத்தால் மற்றது வேலை செய்யும். அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருப்பது இன்னொரு வழி, டெகோலாக்காரர்கள் அதையும் செய்து பார்த்தார்கள்.

படித்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். காலண்டர் சொல்லித்தான் தெரிந்தது.

நெடுந்தீவிலிருந்து

அண்ணை, எங்கட பக்கம் ஓதம் பெரிசாக இல்லை, அதனால் அந்தக் கரைச்சல் கிடையாது. எங்களுக்குக் கரைச்சல் பனை. சிம் போடுகிற ரவுட்டர்தான் வீட்டில் இருக்கு, ஆனால் பனங்கூடலுக்குள் சிக்னல் வராது. கொரோனா நேரம் பெடியள் பாடத்துக்காகக் கைபேசியோடு கல்வேலியில் ஏறி இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வெளி ஆன்டெனா போட யோசித்தேன்.

இருபதடி இரும்புப் பைப் இரண்டை யாழ்ப்பாணத்தில் வாங்கி, குறிகட்டுவானில் இறக்கி, படகில் ஏற்றுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. சோளகக் காற்று பெயர்ந்த நேரம். ஒருநாள் படகே ஓடவில்லை, பைப்பை இறங்குதுறையில் விட்டுவிட்டுத் திரும்பினேன். கம்பம் நட்டபிறகு நெட் அருமை. ஆறு மாதத்தில் கிளாம்ப் எல்லாம் உவர்க்காற்றில் கறள் பிடித்து, ஒரு வாடைக்காற்றுக்கு ஆன்டெனா திரும்பி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. இதற்கு என்ன செய்வது?

இன்னொரு விசேஷம்: வெக்கைக் காலத்தில் பின்னேரம் கடற்கரையில் நின்றால் சிலநேரம் கைபேசி இந்திய ரவரை (செல்போன் கோபுரத்தை) பிடித்துவிடும். 'இந்தியாவுக்கு நல்வரவு' என்று செய்தி வரும். வீட்டில் நின்றுகொண்டே வெளிநாடு போய்வருகிறோம்!

கவரத்தியில் வேலை பார்த்தவர்

நான் லட்சத்தீவில் இருந்தபோது எல்லாம் செயற்கைக்கோள் வழிதான். 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்புவதால், வீட்டுக்காரியோடு வீடியோவில் பேசினால் ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் தொடங்கிவிடுவோம். பாதிச் சண்டை அதனால்தான் வந்தது. 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடலடிக் கேபிள் திறந்தார்கள். அதற்குள் நான் ஊர் திரும்பிவிட்டேன்.

ஸ்காட்லாந்திலிருந்து, மறுபடி

நெடுந்தீவு தம்பிக்கு: ஆன்டெனாவின் பிடி அலுமினியமா என்று பாருங்கள். அலுமினியத்தோடு எவர்சில்வர் போல்ட்டை நேராகச் சேர்த்தால், உப்புக்காற்றில் அலுமினியம் இன்னும் வேகமாக அரிக்கும். நடுவில் நைலான் வாஷர் போட்டு, மேலே கிரீஸ் பூசுங்கள். கனெக்டரில் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், மழைத்தண்ணீர் ஓட்டில் வழிகிற மாதிரி அதில் வழிந்துவிடும். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு கீழே தொங்கட்டும்.

இந்திய ரவர் கதை வேடிக்கை இல்லை. கடலுக்கு மேல் ஈரக்காற்று, அதற்கு மேல் வறண்ட சூடான காற்று என்று அடுக்காக நின்றால், சிக்னல் குழாய்க்குள் போவதுபோல வளைந்து தூரம் போகும். அந்த நேரங்களில் உங்கள் ரவுட்டரும் மந்தமாகிறதா? ஒரு மாதம் காலண்டரில் குறித்துவிட்டு எழுதுங்கள்.