எம்ஜிபி கார்புரேட்டர்: இருமல் நின்றது (புதுப்பிப்பு)

போன மாதம் கேட்டிருந்தேனே, ஜோகன்னஸ்பர்க்கில் வாங்கிய 1967 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), கடலோர டர்பன் நகருக்கு வந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இருமுகிறது, இங்கே சாட்ஸ்வொர்த் பகுதி மேட்டில் திணறுகிறது என்று. சரியாகிவிட்டது!

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் எஸ்யூ வகை கார்புரேட்டர் இதில் இரண்டு. பின்பக்கத்ததின் மூடியைத் திருகி எடுத்தால், உள்ளிருக்கும் பிஸ்டன் சட்டென்று எழாமல் தடுக்கும் டேம்பர் கம்பி காய்ந்துபோய் வந்தது. அது மூழ்கியிருக்க வேண்டிய டாஷ்பாட் கூட்டில் சொட்டு எண்ணெய் இல்லை. எஸ்ஏஇ 20 தர எண்ணெய் ஊற்றியதும் பாதி இருமல் போனது.

மீதி உயரத்தால் வந்தது. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர். அங்கே காற்று அடர்த்தி குறைவு, அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். கடலோரத்துக்கு அது போதவில்லை. மாமா சொன்னபடி இரண்டு கார்புரேட்டரிலும் பெட்ரோல் அளவை மாற்றும் ஜெட் நட்டை, அதன் ஆறு பட்டையில் இரண்டு பட்டை அளவு திருகி, கீழே இறக்கினேன்; இறக்கினால் பெட்ரோல் கூடும். இன்ஜின் சூடாக ஓடும்போது கார்புரேட்டர் பிஸ்டனை மயிரிழை தூக்கினேன்: இன்ஜின் வேகம் லேசாக ஏறி உடனே அடங்கியது. கலவை சரி என்பதற்கு அதுதான் அடையாளம்.

நேற்று அம்மாவை ஏற்றிக்கொண்டு அதே மேட்டில் மூன்றாம் கியரிலேயே ஏறினேன்.