எங்க குடும்ப ஜெபக்குழுவில் வந்த ஒரு ஃபார்வர்டு (இரகசிய வருகை, எடுத்துக்கொள்ளப்படுதல்: இயேசு திடீரென வந்து தம்மை நம்புகிறவர்களைத் தம்மோடு எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்ற நம்பிக்கை)

*ஜெபா சித்தி:* (பலமுறை பகிரப்பட்டது) 🔥எச்சரிக்கை!🔥 அடுத்த மாதத்துக்குள் இரகசிய வருகை! தேவமனிதர் ஒருவருக்குத் தரிசனத்தில் தேதி காட்டப்பட்டது! யுத்தங்கள், பூமியதிர்ச்சிகள் நிறைவேறிவிட்டன! 10 பேருக்கு அனுப்பாதவர்கள் கைவிடப்படுவார்கள்!

*மாமா:* ஆமென் 🙏

*டேனி:* மாமா, படிச்சுட்டுத்தான் ஆமென் போட்டீங்களா?

*மாமா:* முதல் வரி படிச்சேன்பா

*டேனி:* சித்தி, தேதி குறிச்சவங்க கதை தெரியும்ல? அமெரிக்காவுல வில்லியம் மில்லர்னு ஒருத்தர், தானியேல் 8:14ல வர்ற 2300 நாளை 2300 வருஷமாக் கணக்குப் போட்டார். அவர் கூட்டத்தார் கடைசியா இயேசு வர்ற நாள் 1844 அக்டோபர் 22ன்னு நம்பிக் காத்திருந்தாங்க. சில விவசாயிங்க விளைஞ்சதை எடுக்காமலே விட்டுட்டாங்க. மறுநாள் வழக்கம்போல விடிஞ்சுது

*டேனி:* அப்புறம் ரேடியோவுல பேசுன ஹெரால்ட் கேம்பிங். 2011 மே 21ன்னார். நடக்கல. உடனே அக்டோபர் 21ன்னார். 2012ல தேதி சொன்னது பாவம்னு அவரே எழுதிட்டார்

*ஜெபா சித்தி:* மனுஷங்க கணக்கு தப்பலாம், வசனம் தப்புமா? மத்தேயு 24 அப்படியே கண்ணு முன்னால நடக்குதே. யுத்தச் செய்தி இல்லாத நாள் உண்டா?

*பெரியப்பா:* ஜெபா, 24:6ஐக் கடைசி வரைக்கும் வாசிம்மா. "ஆனாலும், முடிவு உடனே வராது." கலங்காதேன்னு சொன்ன வசனத்தை வெச்சே ஜனங்களைக் கலங்கடிக்கிறாங்க

*எஸ்தர் அக்கா:* சித்தி, கோவிச்சுக்காதீங்க. இதே மாதிரி ஒரு வீடியோவை பாப்பா என் போன்ல பார்த்துட்டா. மத்தியானம் தூங்கி எழுந்திருச்சா வீட்டுல யாரும் இல்ல. நான் மாடியில துணி எடுத்துட்டு இருந்தேன். எல்லாரையும் இயேசப்பா கூட்டிட்டுப் போயிட்டார், நம்மள மட்டும் விட்டுட்டார்னு நெனச்சு, வாசல்ல நின்னு "இனிமே பொய் சொல்ல மாட்டேன்"னு தேம்பித் தேம்பி அழறா

*டேனி:* சின்ன வயசுல நானும் அம்மா செருப்பு வாசல்ல இருக்கான்னு ஓடிப்போய்ப் பார்ப்பேன்

*மாமா:* நானும் 😂

*ஜெபா சித்தி:* ஐயோ பிள்ளை. சாயங்காலம் போன் போடு, நான் பேசுறேன் அவகிட்ட

*பெரியப்பா:* பவுல் காலத்துலயே ஃபார்வர்டு இருந்திருக்கு! தெசலோனிக்கே சபைக்கு அவர் எழுதுன ரெண்டாம் நிருபம் 2:2 பாருங்க. "எங்களிடத்திலிருந்து வந்ததாய்த் தோன்றுகிற ஒரு நிருபத்தினாலாவது" கலங்காதீங்கங்கறார். அவர் பேர்ல பொய்க் கடிதம் சுத்துதோன்னு அவருக்கே சந்தேகம். அதனாலதான் 3:17ல தன் கைப்பட வாழ்த்து எழுதி, எல்லா நிருபத்துக்கும் இதுதான் அடையாளம்னு முடிக்கிறார். உன் ஃபார்வர்டுல யார் கையெழுத்தும்மா இருக்கு?

*பெரியப்பா:* அதே அதிகாரத்துல, வேலை செய்யாம "வீண் அலுவற்காரராய்" திரியறவங்களையும் கண்டிக்கிறார். ஏன் வேலையை விட்டாங்கன்னு பவுல் சொல்லல. முடிவு வந்தாச்சுங்கற நெனப்புதான்னு பலர் விளக்கம் சொல்றாங்க

*எஸ்தர் அக்கா:* முதல் நிருபத்துலதானே பெரியப்பா எடுத்துக்கொள்ளப்படுதல் வருது?

*பெரியப்பா:* ஆமாம்மா, 4ம் அதிகாரம். அது எழுதுனதே செத்துப்போனவங்களை நெனச்சு அழுதவங்களுக்கு. "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்"னுதான் முடியுது. நாம அதை எடுத்துப் பிள்ளைங்களைப் பயமுறுத்துறோம்

*ஜெபா சித்தி:* சரி அத்தான், ஒத்துக்கறேன். ஆனா இதையும் கேளுங்க. இப்ப நிறைய பிரசங்கத்துல வருகைங்கற பேச்சே இல்ல. ஆசீர்வாதம், ஆசீர்வாதம், அவ்வளவுதான். மத்தேயு 24:48ல, இயேசு சொன்ன ஊழியக்காரன் உவமையில, உடன் வேலைக்காரனை அடிச்சவன் தேதி குறிச்சவன் இல்ல. "என் ஆண்டவன் வர நாள் செல்லும்"னு நெனச்சவன்!

*டேனி:* சித்தி 👏👏

*பெரியப்பா:* நல்லாப் பிடிச்ச ஜெபா. இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா 3 வசனம் முன்னால போ. அங்க உண்மையுள்ள ஊழியக்காரன் வாசல்ல நின்னு வழி பார்க்கல. வீட்டுல உள்ளவங்களுக்கு ஏற்ற வேளையில சாப்பாடு போட்டுட்டு இருக்கான். எஜமான் வரும்போது அப்படிச் செய்யறவனாக் காணப்படணும்

*டேனி:* அப்போ பரீட்சைக்குப் படிக்கணும்ங்கறீங்க 😔

*எஸ்தர் அக்கா:* ஓஹோ, ஃபார்வர்டை நம்பித்தான் இவ்வளவு நாளா புக்கைத் தொடலையா?

*ஜெபா சித்தி:* வருகை சமீபம்ங்கறதுல எனக்கு மாத்தமே இல்ல

*பெரியப்பா:* எனக்கும் இல்லம்மா. தேதிதான் வேண்டாங்கறேன். சனிக்கிழமை குடும்ப ஜெபத்துல மத்தேயு 24, 25 ரெண்டையும் முழுசா வாசிப்போம். நீயே நடத்து

*ஜெபா சித்தி:* நான் நடத்துனா ஒரு மணி நேரம் ஆகும். நடுவுல யாரும் எழுந்து போகக் கூடாது

*மாமா:* ஆமென் 🙏