வல்லாரையா, பொடுதலையா? அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டின் பின்புறம், துவைக்கும் கல்லையொட்டி 3 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட வெற்றுத்தரையை, ஆண்டு முழுவதும் பசுமையாகப் படரும் செடியால் மூட விரும்புகிறேன்.

சோதனையாக இரண்டையும் தொட்டிகளில் வளர்த்தேன். வல்லாரை கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடினாலும், ஒரு நாள் தண்ணீர் தவறினால் துவண்டுவிடுகிறது. சித்திரை வெயிலில் அதன் இலை விளிம்புகள் தீய்ந்து சுருண்டன. பொடுதலையோ அதே வெயிலில், இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊற்றிய நீரிலேயே, திப்பிலி போன்ற சிறு கதிர்களில் வெண்பூக்களைச் சூடி நின்றது. தேனீக்களும் வரத் தொடங்கின. ஆனால் அது தொட்டியைத் தாண்டிச் சிமெண்டு விரிசலிலும் வேர் பிடித்துவிட்டதுதான் என்னைத் தயங்க வைக்கிறது.

இடத்தின் பாதியில் முருங்கை நிழல், மறுபாதியில் முழு வெயில் என்பதால், நிழலில் வல்லாரையையும் வெயிலில் பொடுதலையையும் நடலாமென நினைக்கிறேன். பொடுதலை மறுபக்கம் ஊடுருவாமலிருக்க நடுவில் செங்கல் வரிசை பதித்தால் போதுமா, எவ்வளவு ஆழம் பதிக்க வேண்டும்? வல்லாரையைத் துவையலுக்குப் பறிப்போம் என்பதால் சோப்பு நீரை அதன் பக்கம் விடப் போவதில்லை; அந்நீரைப் பொடுதலை தாங்குமா? தரையில் வளர்த்துப் பார்த்தவர்கள் அருள்கூர்ந்து தெரிவிக்கவும்.