பியோங்யாங்கிலிருந்து ரயில் ஓட்டி வந்த மருத்துவமனை

தென்கொரியாவின் பூசானில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த கொரியப் பெரியவர் ஒருவர் என்னைத் தேஜோங்தேவுக்குக் கூட்டிப்போனார். கொரியப் போருக்கு மருத்துவக் குழு அனுப்பிய ஐந்து நாடுகளுக்கு அங்கே ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஸ்வீடன், டென்மார்க், நார்வே, இத்தாலி, அப்புறம் இந்தியா. "இந்தோ, இந்தோ" என்று விரலால் காட்டினார். கொரிய மொழியில் இந்தியாவுக்கு அதுதான் பேர். போர்க் காலத்தில் தேகு நகரத்தில் அவருடைய அக்காவின் கைக்குத் தையல் போட்டது இந்திய ராணுவ டாக்டர்கள்தானாம். அக்காவுக்கு அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது என்று தன் முழங்கைக்குக் கீழே கோடு போட்டுக் காட்டினார்.

அன்றைக்கு ராத்திரியே தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இந்தியா கொரியாவுக்குச் சண்டைப் படை அனுப்பவில்லை. 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. 1950 நவம்பரில் பூசானில் இறங்கினார்கள். தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், நம் தமிழர். இந்திய ராணுவத்தில் முதன்முதலில் பாராசூட்டில் குதித்தவர்களில் ஒருவர்.

கொரியா போய்ச் சேர்ந்த சில வாரத்திலேயே வடகொரியாவுக்கு ஆதரவாகச் சீனப் படை இறங்கி, பிரிவு அப்போது இருந்த வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கைக் காலி செய்ய வேண்டிய நிலை. லாரி கிடையாது. சாமான்களைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் கருவியும் மருந்தும் இல்லாமல் டாக்டர் மட்டும் போய் என்ன செய்வது? கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார்கள். டிசம்பர் குளிரில் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றி பாய்லரை நிரப்பினார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் பிரிவிலேயே இருந்தார்கள். மொத்த மருத்துவமனையையும் ஏற்றிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பிறகு ஒரு பகுதி தேகுவில் பொதுமக்களுக்கும் வைத்தியம் பார்த்தது, இன்னொரு பகுதி போர்முனையில் பிரிட்டிஷ் காமன்வெல்த் படையோடு இருந்தது. 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்க வான்குடைப் படை குதித்தபோது, ரங்கராஜும் தன் ஆட்கள் சிலரோடு கூடவே குதித்து, இறங்கிய இடத்திலேயே காயம்பட்டவர்களைக் கவனித்தார். அவருக்கு இந்தியாவின் உயர்ந்த வீர விருதுகளில் ஒன்றான மகாவீர் சக்ரா கிடைத்தது. 2020 ஜூலையில் தென்கொரிய அரசு அவரை அந்த மாதத்தின் போர் வீரராக அறிவித்தது.

சென்னையில் நான் கேட்ட ஒருவருக்கும் இந்தப் பேர் தெரியவில்லை. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. உங்கள் குடும்பத்தில், ஊரில் யாராவது அந்தப் பிரிவில் கொரியா போயிருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். ஆர்டர்லி, சமையல்காரர், டிரைவர், யாராக இருந்தாலும் சரி.