தோற்றால் தொகையை ஏற்றும் பந்தய முறை: அண்ணன் கேட்கும் இரண்டு லட்சத்தை அனுப்பலாமா?

கேள்வி – மார்த்தாண்டம் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். என் பெரியம்மா மகன் இங்கிலாந்தில் செவிலியராகப் பணிபுரிகிறார். அங்கே விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அவர் பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டங்கள் டிரா ஆகும் என்பதன் மீது மட்டும் பணம் கட்டுகிறார். ஐந்து பவுண்டில் தொடங்கி, தோற்கத் தோற்க ஃபிபனாச்சி வரிசைப்படி (முந்தைய இரண்டு எண்களின் கூட்டலே அடுத்த எண்) 5, 5, 10, 15, 25, 40 என்று தொகையை ஏற்றிக்கொண்டே போய், ஓர் ஆட்டம் டிரா ஆனதும் மீண்டும் ஐந்துக்குத் திரும்பிவிடுகிறார். டிராவுக்குக் கிடைக்கும் விகிதம் (வென்றால், கட்டிய பணத்தையும் சேர்த்து எத்தனை மடங்கு திரும்பி வரும் என்பது) பெரும்பாலும் 3.50-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதால், ஒரே வெற்றியில் முந்தைய இழப்பு முழுவதும் திரும்பிவந்து கொஞ்சம் மிஞ்சவும் செய்யும் என்பது அவருடைய வாதம். கடந்த பருவத்தின் பிற்பாதியில் லாபம் கண்டதற்கான பட்டியலையும் அனுப்பியிருக்கிறார். கூட்டிப் பார்த்தேன், பிழை ஏதும் தெரியவில்லை.

இப்போது தொடக்கத் தொகையை இருபது பவுண்டாக்க விரும்புகிறார். ரப்பர் ஷீட் விற்று நான் சேர்த்து வைத்திருக்கும் பணத்திலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் அனுப்பினால் லாபத்தில் பாதி தருவதாகச் சொல்கிறார். சூதாட்டம் நல்லதா கெட்டதா என்பதை அம்மா போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். இந்தக் கணக்கு நிற்குமா நிற்காதா என்பதை மட்டும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – ஓய்வுபெற்ற கணக்காசிரியர், நாகர்கோவில்

தம்பி, உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரிதான். ஃபிபனாச்சி வரிசையில் அடுத்தடுத்த எண்களின் விகிதம் 1.618-ஐ நெருங்குவதால், பந்தய விகிதம் 2.618-க்குக் குறையாமல் இருக்கும்வரை, எத்தனை முறை தோற்றிருந்தாலும் முதல் வெற்றி அவ்வளவையும் ஈடுகட்டிவிடும். இதை யாரும் மறுக்க முடியாது. அந்த முதல் வெற்றி வரும்வரை கட்டுவதற்குக் கையில் பணம் இருக்குமா என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

பிரீமியர் லீக்கில் சுமார் நான்கில் ஓர் ஆட்டம் டிரா ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இரண்டு லட்சம் ஏறத்தாழ 1,700 பவுண்டு. இருபதில் தொடங்கினால் முதல் எட்டுப் படிகளுக்கு 20, 20, 40, 60, 100, 160, 260, 420 என மொத்தம் 1,080 பவுண்டு போய்விடும். ஒன்பதாவது படிக்கு 680 தேவை. கையில் இருப்பதோ 620. ஆக, எட்டு முறை தொடர்ந்து தோற்றால் ஆட்டம் முடிந்தது. முக்கால் வாய்ப்புள்ள தோல்வி அடுத்தடுத்து எட்டு முறை நிகழும் வாய்ப்பு, 0.75-ஐ எட்டு முறை பெருக்கிப் பார்த்தால், பத்து சதவீதம். தொடங்கும் பத்துத் தொடர்களில் ஒன்று அங்கே போய் முட்டும் என்று பொருள்.

எட்டு என்பது அரிதான எண்ணும் அல்ல. 2018-19 பருவத்தில் டோட்டன்ஹாம் அணி தன் முதல் 28 லீக் ஆட்டங்களில் ஒன்றைக்கூட டிரா செய்யவில்லை. 2019 மார்ச் 2 அன்று ஆர்சனலுடன் 1-1 என்று முடிந்த ஆட்டமே அவர்களின் முதல் டிரா. அந்த அணியின் டிராவை மட்டும் நம்பி ஒரு பவுண்டில் தொடங்கிய ஒருவர் அதற்குள் 8,32,039 பவுண்டு இழந்திருப்பார். 29-வது ஆட்டத்தில் 5,14,229 பவுண்டு கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தால் லாபம்தான், முறை பொய்க்கவில்லை. அவ்வளவு பெரிய தொகையை ஓர் ஆட்டத்தின் டிராவுக்கு ஏற்கும் பந்தய நிறுவனம் எது?

பதில் – குளச்சல்காரன்

நான் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் வேலை செய்தவன். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே பல ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கும். ஒன்றின் முடிவு தெரிந்த பிறகுதான் அடுத்ததற்கு எவ்வளவு என்று முடிவாகும் இந்த முறையில் அவற்றில் ஒன்றைத்தான் தொட முடியும். எதைத் தொடுவது என்பது மறுபடியும் ஊகம். தொடர்ந்து லாபம் பார்க்கும் கணக்குகளுக்கு அந்நிறுவனங்கள் சில பவுண்டுகள் என்று உச்சவரம்பு விதிப்பதும் அங்கே வாடிக்கை.

இன்னொன்றையும் யோசியுங்கள். கடன் அட்டையால் பந்தயம் கட்டுவதை அங்கே 2020 ஏப்ரலில் தடை செய்துவிட்டார்கள். சம்பளக்காரர் ஒருவர் ஊரிலிருந்து பணம் வரவழைக்கிறார் என்றால், அவருடைய சொந்தக் கையிருப்பு என்ன ஆனது என்று விசாரிப்பது நல்லது.

பதில் – களியக்காவிளை வாசகர்

தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி நின்ற பிறகு எல்லை தாண்டிப் போய்க் கேரள லாட்டரி வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சீட்டின் விலையோடு நஷ்டம் முடிந்தது. நீங்கள் சொல்லும் முறையிலோ, தோற்றவன் அடுத்த முறை இன்னும் அதிகமாகக் கட்டியே ஆக வேண்டும்.

பதில் – வங்கி ஊழியர், தக்கலை

கணக்கு எப்படி இருந்தாலும், பணத்தை அனுப்பும் இடத்திலேயே இது நின்றுவிடும். 2000-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நடப்புக் கணக்குப் பரிவர்த்தனை விதிகளின் முதல் அட்டவணை, லாட்டரிச் சீட்டு, கால்பந்துப் பந்தயக் கூட்டு போன்றவற்றுக்காக இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதைத் தடை செய்கிறது. உறவினர் பராமரிப்பு என்று நோக்கத்தை மாற்றி எழுதினால், நீங்கள் கையெழுத்திடும் உறுதிமொழி பொய்யாகிவிடும். இதற்கு மேல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையும், அவற்றை விளம்பரப்படுத்துவதையும், அவற்றுக்கான பணப் பரிமாற்றத்துக்கு வங்கிகள் வழிசெய்வதையும் தடுக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. நம் மேசைக்கு வரும் விண்ணப்பத்தில் இப்படி ஒரு நோக்கம் தெரிந்தால் நாங்கள் அனுப்ப மாட்டோம்.

மறுகேள்வி – மார்த்தாண்டம் வாசகர்

அனைவருக்கும் நன்றி. விதி இருப்பது தெரியாது. பணம் அனுப்பும் பேச்சு இதோடு முடிந்தது. ஆனாலும் கணக்காசிரியர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அண்ணனிடம் இந்த எட்டுப் படிக் கணக்கைச் சொன்னேன். எட்டாவதோடு நிறுத்தி, அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு, மீண்டும் இருபதிலிருந்து தொடங்கினால் மற்ற ஒன்பது தொடர்களின் லாபம் அதை ஈடுகட்டிவிடும் என்கிறார். ஈடுகட்டுமா?

பதில் – ஓய்வுபெற்ற கணக்காசிரியர், நாகர்கோவில்

நல்ல கேள்வி, தம்பி. அதனால் எல்லாப் படிகளையும் தாளில் போட்டுப் பார்த்தேன். விகிதம் 3.60 என்று தாராளமாகவே வைத்துக்கொண்டேன். முதல் படியில் வென்றால் 52 பவுண்டு லாபம், இரண்டாவதில் 32, மூன்றாவதில் 64, எட்டாவதில் 432. அந்தந்தப் படியில் வெல்லும் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால், பத்துத் தொடர்களில் வெல்லும் ஒன்பதும் சேர்ந்து கொண்டுவருவது சராசரியாக 825 பவுண்டு அளவில்தான் நிற்கிறது. தோற்கும் ஒன்று கொண்டுபோவதோ 1,080. பத்துத் தொடருக்கு ஏறத்தாழ 255 பவுண்டு கைநஷ்டம்.

இதே விடையை ஒரே வரியிலும் காணலாம். நான்கில் ஒரு முறை 3.60 மடங்கு கிடைத்தால் கட்டிய ஒவ்வொரு நூறு பவுண்டுக்கும் திரும்பி வருவது 90. ஃபிபனாச்சி வரிசையில் ஏற்றினாலும், இரட்டிப்பாக்கினாலும், ஒரே தொகையைக் கட்டிக்கொண்டே இருந்தாலும், மொத்தம் கட்டியதில் பத்தில் ஒரு பங்கு சராசரியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஏற்றும் முறைகள் அந்த நஷ்டத்தை அடிக்கடி வரும் சிறு லாபங்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதால்தான் பட்டியல் அழகாகத் தெரிகிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கெல்லி 1956-இல் வெளியிட்ட சூத்திரம் கையிருப்பில் எத்தனை பங்கைக் கட்டலாம் என்று சொல்லும். இந்த எண்களை அதில் இட்டால் விடை சுழியத்துக்கும் கீழே வருகிறது. அதாவது, ஒரு பவுண்டும் கட்டக் கூடாது. நான்கில் ஒன்றைவிடப் போதுமான அளவு அதிகமாக டிராவை முன்கூட்டிக் கணிக்கும் திறமை அண்ணனுக்கு இருந்தால் நிலைமை வேறு. அப்படி இருப்பவருக்குத் தோற்றபின் ஏற்ற வேண்டிய தேவையே இராது.

அவர் அனுப்பியது பருவத்தின் பிற்பாதிப் பட்டியல் என்று எழுதியிருந்தீர்கள். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரையிலான பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் பவுண்டுகளைக் கூட்டுவதற்கு முன், டிரா இல்லாமல் அடுத்தடுத்து எத்தனை வரிகள் போகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

மார்த்தாண்டம் வாசகர்

கேட்டேன், ஐயா. அந்தக் காலத்தில் வேறு முறையில் கட்டினாராம், அதனால் பட்டியல் வைத்திருக்கவில்லையாம். பெரியம்மாவிடம் பேசிவிட்டு, அவருக்கு அங்கே கடன் ஏதும் இருக்கிறதா என்று நேராகவே கேட்கப் போகிறேன்.