ஒலிம்பிக்கில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது: உண்மையில் எதை எடைபோடுகிறார்கள்?

வரிசை3_இருக்கை12 கேட்டது:

ஒவ்வொரு ஒலிம்பிக் முடிந்ததும் இதே சண்டை. பாரிஸில் பிரேக்கிங் நடனத்துக்கு இடம் கிடைத்தது. ஸ்குவாஷ் 2028 வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. கபடியும் சதுரங்கமும் இன்னும் வாசலுக்கு வெளியே. விவாதமோ "எத்தனை பேர் பார்க்கிறார்கள், எத்தனை நாடுகள் ஆடுகின்றன" என்பதைத் தாண்டி நகர்வதே இல்லை. தேர்வு செய்கிறவர்கள் உண்மையில் எதை எடைபோடுகிறார்கள்? விண்ணப்பிக்கும் சம்மேளனம் எங்கே தடுக்கி விழுகிறது? கபடியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு பேசினாலும் சரி.

கோட்டா_கணக்கு:

நாடுகளின் எண்ணிக்கையில் ஆரம்பிப்பது பழைய வழி. ஒரு காலத்தில் ஒலிம்பிக் சாசனத்திலேயே அது இருந்தது: கோடைக்கால விளையாட்டு என்றால் ஆண்கள் 4 கண்டங்களில் 75 நாடுகளிலும், பெண்கள் 3 கண்டங்களில் 40 நாடுகளிலும் ஆட வேண்டும். 2014 டிசம்பரில் 'ஒலிம்பிக் அஜெண்டா 2020' என்ற சீர்திருத்தத் திட்டம் வந்ததும் பேச்சு பதக்கப் பிரிவுகளுக்கு மாறிவிட்டது. சுமார் 10,500 வீரர்கள், சுமார் 310 பிரிவுகள் என்று வரம்பு வைத்தார்கள். பிரிவு வரம்பை அவர்களே மதிக்கவில்லை. பாரிஸில் 329, லாஸ் ஏஞ்சலிஸில் 351. ஆள் கணக்கில்தான் கறார், ஏனென்றால் வீரர் கிராமத்தில் கட்டில்கள் எண்ணித்தான் போடப்படுகின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் கேட்டு வாங்கிய ஐந்து விளையாட்டுகளுக்காக அந்த 10,500-க்கு மேல் 698 இடம் தனியாகக் கொடுத்தார்கள்.

அதனால் முதலில் போட வேண்டிய கணக்கு, ஒரு தங்கத்துக்கு எத்தனை கட்டில் என்பது. பாரிஸ் பிரேக்கிங்குக்கு ஒதுக்கியது: ஆண்கள் 16, பெண்கள் 16, இரண்டு தங்கம். 2028 டி20 கிரிக்கெட்: அணிக்கு 15 பேர், 6 அணிகள், இரு பாலாருக்கும் சேர்த்து 180 பேர், அதற்கும் இரண்டே தங்கம். கபடியில் களத்தில் 7 பேர், அணியில் 12 பேர். 8 அணி வைத்தால் 192 இடம். அணியை 10 பேராகவும் அணிகளை 6 ஆகவும் குறைத்தால் 120. ஆனால் உடல் மோதும் ஆட்டத்தில் பத்தே பேரோடு ஒரு தொடரை ஓட்டினால், அரையிறுதிக்குள் இரண்டு முழங்கால் போனாலே அணி தள்ளாடும். இந்தப் பேரத்துக்குத் தயாரா என்று சம்மேளனம் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சிறிதாக நுழைந்து பிறகு விரிவது நல்ல உத்தி. செயற்கைச் சுவரேறும் விளையாட்டைப் (ஸ்போர்ட் கிளைம்பிங்) பாருங்கள். டோக்கியோவில் கிடைத்தது 40 இடம், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டே தங்கம். வேகம், போல்டரிங் (கயிறில்லாமல் குட்டைச் சுவர் ஏறுவது), லீட் (கயிற்றோடு உயரமான சுவர் ஏறுவது) மூன்றையும் ஒரே போட்டியாகக் கலந்து, தரவரிசை எண்களைப் பெருக்கி வெற்றியாளரைக் கண்டார்கள். வேக வீரர்கள் கொதித்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டார்கள். பாரிஸில் 68 இடம், வேகம் தனிப் பிரிவு. 2028-இல் மூன்றும் தனித்தனி. ரக்பி சங்கமும் 15 பேர் ஆட்டத்தைப் பிடித்துத் தொங்கவில்லை. அதில் ஒரு ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பல நாள் ஓய்வு வேண்டும். ஏழு பேர் ஆட்டம் மூன்று நாளில் முடிந்துவிடும். 2016-இல் உள்ளே வந்தது அதுதான்.

விதிப்புத்தகம்:

கணக்கு சரி. ஆனால் கதவு இரண்டு. ஒன்று நிரந்தரப் பட்டியல், மற்றொன்று நடத்தும் நகரம் தன் விருப்பத்துக்குக் கேட்பது. டோக்கியோவுக்கு 26 சம்மேளனங்கள் விண்ணப்பித்தன, 8 குறும்பட்டியலுக்கு வந்தன, 5 தேறின. சதுரங்கம், பிரிட்ஜ், கயிறு இழுத்தல் எல்லாம் முதல் சல்லடையிலேயே போய்விட்டன. இந்த இரண்டாம் கதவு வழியாக வந்தால் அந்த ஒரு ஒலிம்பிக்குக்கு மட்டுமே உத்தரவாதம். கராத்தே டோக்கியோவோடு நின்றது, பிரேக்கிங் பாரிஸோடு. இதை நம்பி பத்தாண்டுப் பயிற்சித் திட்டம் போடும் சம்மேளனம் கையைச் சுட்டுக்கொள்ளும்.

தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் களத்துக்கு வெளியேதான். 2021 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸுக்கான முதல் பட்டியல் வந்தபோது குத்துச்சண்டை, பளுதூக்குதல், நவீன பென்டத்லான் மூன்றும் அதில் இல்லை. குத்துச்சண்டைக்கு நிர்வாகமும் நடுவர் தீர்ப்பும் பிரச்சினை. ஐஓசி (சர்வதேச ஒலிம்பிக் குழு) 2023-இல் பழைய சம்மேளனத்தின் அங்கீகாரத்தையே பறித்தது. புதிதாக வந்த வேர்ல்ட் பாக்சிங்குக்கு அங்கீகாரம் கிடைத்த பிறகு, 2025 மார்ச்சில்தான் மீண்டும் சேர்த்தார்கள். பளுதூக்குதலுக்கு முக்கியமாக ஊக்கமருந்து. தண்டனை எப்படி வந்தது தெரியுமா? ரியோவில் 260 இடம், டோக்கியோவில் 196, பாரிஸில் 120. பென்டத்லானுக்குக் குதிரை: குலுக்கலில் கிடைக்கும் பழக்கமில்லாத குதிரையில் ஏற வேண்டும். டோக்கியோவில் குதிரை அடங்காமல் நடந்த களேபரத்துக்குப் பிறகு குதிரையை விட்டுவிட்டுத் தடை ஓட்டத்தை வைக்க ஒப்புக்கொண்டார்கள். பளுதூக்குதலும் பென்டத்லானும் 2023 அக்டோபரில் திரும்பி வந்தன.

சரிசெய்வது எப்படி என்பதற்கு மல்யுத்தம்தான் பாடம். 2013 பிப்ரவரியில் ஐஓசி செயற்குழு அதை முதன்மைப் பட்டியலிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தது. உடனே சம்மேளனத் தலைவர் மாறினார். இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்று, சுற்றில் புள்ளி விழாவிட்டால் பையிலிருந்து நிறப் பந்தை எடுத்து யாருக்கு அனுகூலம் என்று பார்ப்பது என்ற விசித்திரம் ஒழிந்தது. மூன்று நிமிடச் சுற்றுகள் இரண்டு, மொத்தப் புள்ளி என்று ஆனது. பெண்கள் எடைப் பிரிவுகள் 4-லிருந்து 6 ஆயின. செப்டம்பர் வாக்கெடுப்பில் மல்யுத்தம் 49, பேஸ்பால்-சாஃப்ட்பால் 24, ஸ்குவாஷ் 22.

கபடி இங்கேதான் உறுத்துகிறது. ஹாங்சோ ஆசியப் போட்டி ஆண்கள் இறுதியில் இந்தியாவும் ஈரானும் 28-28. கடைசி நிமிடங்களில் ரெய்டர் யாரையும் தொடாமல் களத்தின் ஓரப் பட்டையான லாபிக்குள் காலை வைக்க, பழைய விதியா புதிய விதியா என்று ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. இறுதி ஆட்டத்தில் எந்த விதிப்புத்தகம் செல்லும் என்றே தெரியாத விளையாட்டை ஒலிம்பிக் நேரலை அட்டவணையில் எந்த ஒளிபரப்பாளர் நம்பிப் போடுவார்?

நடுநிலை_நாற்காலி:

மேலே இருவரும் விட்ட ஒன்று: ஒரே நாடு அள்ளிக்கொண்டு போவது. ஏதென்ஸ் 2004 சாஃப்ட்பாலில் அமெரிக்கா எடுத்த ஓட்டம் 51, கொடுத்தது 1. மறு ஆண்டு சிங்கப்பூரில், 2012 பட்டியலில் சாஃப்ட்பாலை வைப்பதா என்ற ஐஓசி வாக்கெடுப்பில் 52-52 சமநிலை. பெரும்பான்மை இல்லாததால் வெளியே. பேஸ்பாலை அதே நாளில் 54-50 என்று தள்ளினார்கள். ஆனால் பேஸ்பாலுக்குப் பெரிய குறை வேறு: அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் தன் பருவத்தை நிறுத்தி வீரர்களை அனுப்பவில்லை. சிறந்த வீரர் வராத போட்டிக்கு ஒலிம்பிக் பதக்கம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கடினம்.

ஆதிக்கத்துக்காக நீக்குவது சோம்பேறித்தனமான தீர்வு என்பேன். டேபிள் டென்னிஸில் பெய்ஜிங் 2008 ஒற்றையர் பதக்கம் ஆறையும் சீனா அள்ளியது. 2012 முதல் ஒற்றையரில் நாட்டுக்கு இரண்டே பேர் என்று வைத்தார்கள், முடிந்தது. கபடியிலும் ஆதிக்க வாதம் முன்போல் எடுபடாது; 2018 ஆசியப் போட்டியில் இரண்டு தங்கத்தையும் ஈரான் எடுத்துப் போனது.

அடுத்தது எல்லைச் சிக்கல். ஒலிம்பிக்கில் வருவது தேசிய ஒலிம்பிக் குழு, கிரிக்கெட் வாரியம் இல்லை. வெஸ்ட் இண்டீஸ் என்ற அணிக்கு அங்கே பெயரே கிடையாது. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த்திலேயே பார்படோஸ், ஜமைக்கா, ஆன்டிகுவா என்று பிரிந்துதான் ஆடினார்கள். தகுதிச் சுற்று விதியை எழுதும்போது இதை மறந்தால், தரவரிசையில் இருக்கும் அணிக்கு இடம் கொடுக்க முடியாமல் திணற வேண்டியதுதான்.

வரிசை3_இருக்கை12:

ஆசிய, காமன்வெல்த் போட்டிகளுக்கும் இதே அளவுகோலா? சதுரங்கத்துக்கு வாய்ப்பே இல்லையா?

கோட்டா_கணக்கு:

இல்லை, மூன்றும் மூன்று விதம். ஆசியப் போட்டி தாராளம்: ஹாங்சோவில் 40 விளையாட்டு, 481 பிரிவு. கபடி 1990 முதல், செபக் தக்ரா, வூஷு எல்லாம் அங்கே சர்வசாதாரணம். காமன்வெல்த்தில் இப்போது தடகளமும் நீச்சலும் மட்டும் கட்டாயம், மற்றவை நடத்துபவர் வசதி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் விலகியதால் 2026-ஐ ஏற்ற கிளாஸ்கோ, 4 மைதான வளாகங்களுக்குள் அடங்கும்படி 10 விளையாட்டோடு நிறுத்திக்கொண்டது. ஹாக்கி, பேட்மின்டன், மல்யுத்தம், கிரிக்கெட் எதுவும் இல்லை. அவை தகுதியற்றவை என்றா அர்த்தம்? செலவும் தூரமும் இடித்தன, அவ்வளவே.

சதுரங்கச் சம்மேளனத்தை ஐஓசி 1999-இலேயே அங்கீகரித்துவிட்டது. ஆனால் அங்கீகாரம் வேறு, பட்டியலில் இடம் வேறு. உடல் உழைப்பு இல்லாத ஆட்டம் என்ற ஆட்சேபம் கோடைக்காலப் பட்டியலில் இன்னும் பலமாக நிற்கிறது. குளிர்காலத்துக்குத் தாவலாம் என்பவர்களுக்கு, சாசனம் பனியிலோ பனிக்கட்டியிலோ ஆடுவதைத்தான் குளிர்கால விளையாட்டு என்கிறது. மிச்சமிருப்பது ஆசியப் போட்டி. தோஹா 2006, குவாங்சோ 2010, ஹாங்சோ என மூன்று முறை உள்ளே வந்திருக்கிறது, நடுவில் இரண்டு முறை விட்டும் போயிருக்கிறது. அங்கே ஒவ்வொரு முறையும் இடம் பிடிப்பதே இப்போதைக்குச் செய்யக்கூடிய வேலை.