குடும்பத்தில் குடல் புற்றுநோய்: மரபணுப் பரிசோதனை செய்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்துக் குடும்பம். அப்பாவுக்கு 44 வயதில் பெருங்குடல் புற்றுநோய். அத்தைக்குக் கருப்பையில். இரண்டும் ஒரே குடும்பத்தில் வந்ததால் லிஞ்ச் சிண்ட்ரோமாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். டிஎன்ஏ பிரதியாகும்போது விழும் பிழைகளைத் திருத்தும் எம்எல்எச்1, எம்எஸ்எச்2 போன்ற மரபணுக்களில் ஒன்று பிறப்பிலேயே பழுதாக இருப்பதுதான் அது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. இருந்தாலே புற்றுநோய் வந்துவிடும் என்றில்லை. ஆனால் 20-25 வயதிலிருந்தே கொலனோஸ்கோபி (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) தொடங்க வேண்டுமாம். தம்பிக்கு இப்போது 23, அதுதான் பயம்.

ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ அரசு மருத்துவமனை வழியாகப் பரிசோதித்தவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் வீட்டில் முதலில் புற்றுநோய் வந்தவருக்குத்தான் செய்தார்களா? செலவு எவ்வளவு? அப்புறம், மகளுக்குக் கல்யாணம் பேசும் நேரம் என்று அத்தை தயங்குகிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?